ஒரே விளக்கில் இரண்டு நிறம்

அந்தக் கிடங்குக்குச் சரக்கு கொண்டுவரும் ஓட்டுநர்கள் எல்லோரும் அவரை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. சிக்னல் விழுந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு பறக்கிற கூட்டத்தில், முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்த பிறகே தன் லாரியை நகர்த்துகிற ஒரே ஆள் அவர்தான். இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

“அண்ணன் லாரியில முட்டைய அடுக்கவே வேணாம்யா, அப்படியே கொட்டி அனுப்பலாம்” என்பான் ரேடியோ. ரேடியோவும் லாரி ஓட்டுகிறவன்தான். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவான் என்பதால் அந்தப் பெயர்.

நிதானம் சிரித்துக்கொள்வார். அந்த நிதானத்துக்குக் காரணம் பொறுமை இல்லை என்பது அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி, அடிப்பிடித்த பாத்திரத்தின் நிறத்தில், கருகிய மஞ்சளாகத் தெரியும். சாலையில் அது ஒரு குறையாகவே இருந்ததில்லை. மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. நிறம் எதற்கு? அதிலும் சந்தேகம் என்றால் முன்னால் நிற்கிறவன் போகட்டும்.

கல்யாணமான புதிதில் மனைவி தக்காளி வாங்கி வரச் சொன்னாள். பை நிறையக் காயாக வாங்கி வந்தார். “பழமாப் பாத்து வாங்கக்கூடத் தெரியாதா?” என்று ஆரம்பித்தவள், அவர் விழித்த விழியைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். மூன்றாவது தடவையும் காயாக வந்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்கப்புறம் காய்கறிக் கடைக்கு அவள்தான் போனாள். அவர் சட்டைகளுக்கும் அவள்தான் பொறுப்பு.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கண் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டுவார். பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நிறங்கள். புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். மொத்தம் பதினான்கு பக்கம். முதல் தடவையே மனைவி தனக்கு நிறங்கள் மங்கலாகத் தெரிகின்றன என்று சொல்லி அவருக்கு முன்னால் உள்ளே போனாள். பதினான்கு எண்களையும் வரிசை மாறாமல் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசல் பெஞ்சில் உட்காரவைத்து வாய்ப்பாடு மாதிரி அவரை ஒப்பிக்கச் சொன்னாள். டாக்டர் இன்றுவரை புத்தகத்தை மாற்றவில்லை.

“படிக்கிற காலத்துல ஒரு பரீட்சையிலயும் தேறாத மனுஷன். இதுல மட்டும் நூத்துக்கு நூறு” என்று அவள் கேலி செய்வாள்.

ஆனால் அந்தப் பதினான்கு எண்களையும் அவர் வாரம் ஒருமுறையாவது வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்ப்பார். மறந்துவிட்டால் தொலைந்தது. லாரி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

கிடங்கில் பன்னிரண்டு டாக் இருந்தன. டாக் என்பது லாரியின் பின்கதவு உயரத்துக்குக் கட்டிய மேடை. லாரி பின்வாங்கி வந்து அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேடைக்கும் லாரிக்கும் நடுவே ஓர் இரும்புத் தட்டைச் சாய்த்துப் போடுவார்கள். அதன் மேல் ஏறி ஃபோர்க்லிஃப்ட் லாரிக்குள் போய்ச் சரக்கை எடுத்து வரும். அது உள்ளே இருக்கும்போது லாரி நகர்ந்துவிட்டால் தட்டு கழன்று, ஃபோர்க்லிஃப்ட் ஆளோடு கீழே விழும். அதனால் முன்பெல்லாம் ஓட்டுநர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இறங்கி வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். பின்வாங்க வழி காட்டியதும், சக்கரத்துக்குக் கட்டை வைத்ததும், எடுத்ததும் ஒரு பெண். ஒன்பது வருஷமாக விசில் ஊதி ஊதி அவளுக்கு விசில் என்றே பெயர் வந்துவிட்டது. வயதில் மூத்தவர்களுக்குக்கூட அவள் விசில் அக்காதான். ஓட்டுநர்களில் நிதானம் மட்டும் ‘ம்மா’ என்பார். “வா, வா, வா, ஒடி, இன்னும் ஒடி, நில்லுண்ணே!” என்று கையைக் காட்டினாள் என்றால் லாரி மேடையைத் தொடுவது பூனை பாலைத் தொடுவது போல இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எல்லாம் மாறியது. ஒவ்வொரு டாக்கின் சுவரிலும் ஒரு பலகை வந்தது. லாரி பின்வாங்கும்போது இன்னும் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று அது எண்ணில் காட்டியது. பூஜ்யம் வந்ததும் கீழேயிருந்து ஓர் இரும்புக் கொக்கி எழும்பி லாரியின் பின்பக்கக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். அதற்கப்புறம் யானையைக் கட்டி இழுத்தாலும் வண்டி நகராது. பலகைக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு விளக்கு. கொக்கி பிடித்திருக்கும்வரை சிவப்பு, அதை விடுவிக்கப் பொத்தானை அமுக்கியதும் பச்சை. ஓட்டுநர் இறங்கவே வேண்டாம், சாவியையும் தர வேண்டாம். பக்கக் கண்ணாடியில் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

வந்த முதல் நாளே நிதானம் இறங்கிப் போய் அந்த விளக்கை உற்றுப் பார்த்தார். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு விளக்கு இல்லை. ஒரே விளக்கு, ஒரே இடத்தில், நிறம் மட்டும் மாறுகிறது.

அவர் காதை நம்பத் தொடங்கினார். கொக்கி இறங்கும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். இருக்கையிலும் லேசாக ஓர் அதிர்வு வரும். இன்ஜினை அணைத்து, ஜன்னலை இறக்கி, மூச்சைக்கூட மெதுவாக விட்டு அந்த ‘டங்’குக்காகக் காத்திருப்பார். ஒன்பது தடவை வந்தார், ஒன்பது தடவையும் சரியாகப் போனார். பத்தாவது தடவைதான் அது நடந்தது.

அன்று அவர் எட்டாம் டாக்கில் நின்றார். பக்கத்தில், ஏழாம் டாக்கில், ரேடியோவின் லாரி. காலை பத்தே முக்கால் இருக்கும். எட்டாம் டாக்கில் கடைசி நடைக்காக ஃபோர்க்லிஃப்ட் தட்டின் மேல் ஏறியது. அதே நொடியில் ஏழாம் டாக்கின் கொக்கி இறங்கியது. காதில் ‘டங்’. இருக்கையில் அதிர்வு. இரண்டும் சேர்ந்தே வந்தன. நிதானம் கண்ணாடியைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எப்போதும் போலக் கருகிய மஞ்சளாக. சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, வண்டியை எடுத்தார்.

லாரி ஒரு சாண் நகர்ந்தது. பிறகு யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது போல நின்றது. சைரன் அலறியது. பின்னாலிருந்து மரம் முறிவது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் அலறல்.

அவர் இறங்கி ஓடினார். ஃபோர்க்லிஃப்ட் பாதி தட்டிலும் பாதி லாரியிலுமாகச் சாய்ந்து நின்றது. இரண்டு பெட்டிகள் உருண்டு உடைந்திருந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண், முப்பது வயதுகூட இருக்காது, இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பியில் மோதியிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“கொக்கி மட்டும் இல்லன்னா கீழ கிடந்திருப்பேன்” என்றாள், யாரிடம் என்று இல்லாமல். திரும்பி அவரைப் பார்த்தாள். “எதைப் பாத்துண்ணே வண்டிய எடுத்தீங்க?”

அதற்குள் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்துவிட்டார். எல்லோரும் சேஃப்டி சார் என்று கூப்பிடும் மனிதர். சத்தம் போடத் தெரியாதவர், எதையும் எழுதாமல் விடத் தெரியாதவர். கையில் அட்டையும் பேனாவும் இருந்தன.

“விளக்கு என்ன கலர்ல இருந்துச்சு?” என்று கேட்டார்.

“பச்சை” என்றார் நிதானம்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. சூடான பாத்திரத்திலிருந்து கை தானாகப் பின்வாங்குவது போல வந்துவிட்டது. பேனா அதை எழுதிக்கொண்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது.

“பச்சையா?” சேஃப்டி சார் நிமிர்ந்து மேடைக்கு உள்ளே பார்த்தார். கண்ணாடி அறைக்குள், பன்னிரண்டு டாக்குக்குமான பொத்தான்கள் இருந்த பேனலின் முன்னால், விசில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

விசில் ஊத ஆள் தேவையில்லை என்று ஆனதும் அவளைப் பேனலில் உட்காரவைத்திருந்தார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரியாக வந்தால் அந்த வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வீடு. பொத்தானை அமுக்கியதும் விளக்கு பச்சையாகும், ஐந்து விநாடி கழித்துக் கொக்கி இறங்கும். தவறாக அமுக்கிவிட்டால் அந்த ஐந்து விநாடிக்குள் ரத்து செய்யலாம். ரத்து செய்தால் விளக்கு மறுபடி சிவப்பாகும். பதிவில் எதுவும் ஏறாது. முதல் வாரத்தில் அவள் ஒருமுறை அப்படித்தான் பக்கத்து டாக்கின் பொத்தானை அமுக்கிவிட்டு, பதறிப்போய் ரத்து செய்திருந்தாள். ஓர் ஓட்டுநர் அதைப் பார்த்துச் சொல்லிவிட்டதால் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

இப்போது எல்லாமே அவளுக்கு எதிராக அடுக்கிவைத்தது போல இருந்தது. அவள் ஏழாம் டாக்கை விடுவித்த அதே நிமிஷத்தில் எட்டாம் டாக் லாரி கிளம்பியிருக்கிறது. எட்டைத் தவறாக அமுக்கி, ரத்து செய்துவிட்டு, ஏழை அமுக்கியிருந்தால்? பச்சையைப் பார்த்து நிதானம் வண்டியை எடுத்திருப்பார். கொக்கி இன்னும் இறங்கியிருக்காது. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. கேமரா இருந்தது, ஆனால் விளக்குக்கு நேர் மேலே மாட்டியிருந்ததால் அது எல்லாவற்றையும் பார்த்தது, விளக்கை மட்டும் பார்க்கவில்லை.

“நான் எட்டைத் தொடவே இல்ல சார்” என்றாள் விசில்.

“அண்ணன் பச்சைன்னு சொல்றாரேம்மா.”

பக்கத்தில் நின்ற ஓர் ஓட்டுநர், “நிதானம் அண்ணன் சொன்னா அதுல அப்பீலே கிடையாது சார்” என்றார். “இருபத்தி ரெண்டு வருஷத்துல ஒரு நாள் அவசரப்பட்டது இல்ல. பச்சை விழுந்தாக்கூட யோசிச்சுத்தான் போவாரு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நிதானத்துக்குத் தன் நல்ல பெயர் அந்த இடத்தில் மூட்டைபோல அவளுடைய தலையில் இறங்குவது தெரிந்தது. வாயைத் திறந்தார். பதினான்கு எண்களும், லைசென்ஸும், வீட்டு வாசலில் நிற்கும் மனைவியின் முகமும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டார்.

சேஃப்டி சார் விசிலைப் பேனலைவிட்டு எழுந்து வெளியே இருக்கச் சொன்னார். வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார். “மதியத்துக்குள்ள மேனேஜருக்கு அறிக்கை அனுப்பணும். அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா வந்து சொல்லும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டுநர்கள் காத்திருக்கும் அறையில் ஒரு நீள பெஞ்சும், தண்ணீர்க் குழாயும், ஓடாத ஒரு மின்விசிறியும் இருந்தன. நிதானம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டார். நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னார்.

மனைவி முதலில் அடியைப் பற்றித்தான் கேட்டாள்.

“யாருக்கும் பெருசா அடி இல்லையே?”

“கையில மோதியிருக்கு. எலும்பு முறியல.”

“அந்த விசில் பொண்ணு என்ன சொல்லுது?”

“எங்கிட்ட இன்னும் பேசல.”

“நீங்க இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“என்ன பண்ணச் சொல்ற?”

“என்னைக் கேக்காதீங்க” என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. “நான் சொன்னா, வாயை மூடிட்டு வீட்டுக்கு வாங்கன்னுதான் சொல்லுவேன். அது தப்புன்னு எனக்கே தெரியுது. அதனால கேக்காதீங்க.” போனை வைத்துவிட்டாள்.

அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. விசில் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் பெஞ்சின் அடுத்த ஓரத்தில் உட்கார்ந்தாள். வலது கையை மடியில் விரித்துவைத்து, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். பச்சை எவ்வளவு நேரம் எரிஞ்சுது? சட்டுன்னு வந்து சட்டுன்னு போச்சா?”

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

“எனக்கு ஏழை அமுக்குனதுதான் ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க பாத்தேன்னு சொல்றீங்களே. நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல.” அவள் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டாள். “அப்ப என் விரல் எட்டுக்குப் போயிருக்கு, எனக்கே தெரியாம. ஒன்பது வருஷம் கையைக் காட்டியே பொழைச்சேன், ஒரு நாள் கை பொய் சொல்லல. இப்ப என்ன ஆச்சுன்னு தெரியலண்ணே. வீட்ல அம்மாவுக்கும் அடிக்கடி மறதி வரும். அது மாதிரி எனக்கும் வருதோன்னு பயமா இருக்கு.”

விரல்களை மடக்கிக்கொண்டு, “உங்களையும் மாட்டிவிட்டுட்டேன். மன்னிச்சிருங்க” என்றாள்.

நிதானம் எழுந்தார். எழுந்த வேகத்தில் பெஞ்சு ஆடியது.

“உன் விரல் எங்கயும் போகலம்மா” என்றார். “எழுந்து வா என் கூட.”

“எங்கண்ணே?”

“வா.”

சேஃப்டி சாரின் அறையில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். தக்காளியைக்கூடச் சொன்னார். சேஃப்டி சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்; பிறகு கோப்பைப் புரட்டி ஒரு காகிதத்தை எடுத்தார்.

“உங்க மருத்துவச் சான்றிதழ் இங்க இருக்கு. நிறப் பார்வை சரியா இருக்குன்னு போட்டிருக்கு.”

“பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது…” நிதானம் பதினான்கையும் ஒப்பித்தார். “இதுதான் சார் என் நிறப் பார்வை.”

“அண்ணே, விசில் அக்காவ காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க. புரியுது. நல்ல மனசு. ஆனா அதுக்காக இப்படி…”

நிதானத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பயந்து செத்தார். இன்று தானே வந்து சொன்னால் நம்ப ஆள் இல்லை.

“விளக்கைப் போட்டுக் காட்டுங்க சார். நான் சொல்றேன். நீங்களே எண்ணுங்க.”

ஒன்பதாம் டாக் காலியாக இருந்தது. சேஃப்டி சார் சொன்னதும் விசில் மறுபடி பேனலில் போய் உட்கார்ந்தாள். நிதானம் விளக்கைப் பார்த்து நின்றார். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள்.

“இப்ப?” என்றார் சேஃப்டி சார்.

“சிவப்பு.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினார்கள்.

“இப்ப?”

“சிவப்பு… இல்ல, பச்சை.”

பத்து தடவை மாற்றினார்கள். நிதானம் கண்ணைச் சுருக்கினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், உண்மையிலேயே முயற்சி செய்தார். தவறாகச் சொல்லவேண்டும் என்று நடிக்கவேண்டிய அவசியமே இல்லை. பத்தில் நான்குதான் சரியாக இருந்தது.

“கண்ணை மூடிட்டுச் சொல்லியிருந்தா அஞ்சாவது வந்திருக்கும்” என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைத்துக்கொண்டார். வெட்கம் இருந்தது, ஆனால் ஒரு பெரிய பாரத்தை மேடையில் இறக்கி வைத்துவிட்ட லாரி எழும்புமே, அது போல உடம்பு ஓர் அங்குலம் எழும்பியது.

கண்ணாடி அறைக்குள் விசில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது முகம் கோபமாக இருந்தது. அவள் கோபப்பட்டது நிதானத்துக்கு நிம்மதியாக இருந்தது.

சேஃப்டி சார் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு விளக்கா, ஒரு விளக்கான்னு என்னைக் கேட்டாங்க” என்றார் மெதுவாக. “சுவர்ல இடமில்ல, ஒண்ணு போதும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.” பிறகு நிமிர்ந்தார். “இருக்கற ஓட்டுநர்கள் எல்லாரும் வரிசையா வாங்க. ஒருத்தர் விடாம பாத்துடலாம்.”

சலசலப்பு எழுந்தது. “எங்களுக்கு எதுக்கு சார்?” என்றார்கள். இருந்தாலும் வரிசை நின்றது. ஒவ்வொருவரும் சிவப்பு, பச்சை, பச்சை, சிவப்பு என்று ஐந்து தடவை சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். நிதானம் வரிசைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். அப்போதுதான் ஏதோ குறைவது போல இருந்தது. என்னவென்று யோசித்தார். ரேடியோவின் சத்தம் இல்லை.

காலையில் சைரன் கேட்டதும் கிளம்பாமல் இறங்கிவிட்ட ரேடியோ வரிசையின் கடைசியில் நின்றான். முன்னால் ஆள் குறையக் குறைய அவன் ஓர் அடி ஓர் அடியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தான். நிதானத்தின் தோளுக்குப் பக்கத்தில் வந்ததும் உதட்டை அசைக்காமல் கேட்டான்.

“அண்ணே, இப்ப என்ன கலர்?”

“யாருகிட்டடா வந்து கேக்கற!”

ரேடியோ அவரைப் பார்த்தான். அவர் ரேடியோவைப் பார்த்தார். விளக்கு வந்த நாள் முதல் ரேடியோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்ன, எனக்கு விட்டாச்சா? யோவ், விட்டாச்சான்னு கேக்கறேன்ல!” என்று பக்கத்து லாரிக்காரனிடம் கத்துவது அவர் நினைவுக்கு வந்தது. எல்லோரும் அதைத் தொணதொணப்பு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

“எனக்கு அவ்வளவு மோசம் இல்லண்ணே” என்று கிசுகிசுத்தான். “வெயில் இல்லாட்டி கொஞ்சம் தெரியும். வீட்ல சின்னக் குழந்தைங்கண்ணே.”

“எனக்கு மட்டும் வேண்டுதலா?” என்றார் நிதானம். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “கொக்கி இல்லாத ஒரு இடத்துல இதே மாதிரி நீ வண்டிய எடுத்தா என்ன ஆகும்னு யோசி. இன்னைக்கு அந்தப் பொண்ணு அலறுனது இன்னும் என் காதுல இருக்கு. போ. சொல்லிட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்.”

ரேடியோ போனான். ஐந்தில் மூன்றுதான் சரி. சேஃப்டி சார் அதையும் எழுதிக்கொண்டார்.

எழுதாமல் விட முடியாது என்று அவர் அப்புறம் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு லாரி நிறுவனங்களுக்கும் கடிதம் போகும். டாக்டர் மறுபடி பார்ப்பார், வேறு புத்தகத்தை வைத்து. சாலையில் ஓட்டலாமா கூடாதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். தன் கையில் இல்லை. “விசில் அக்கா மேல தப்பில்லன்னும், இந்த விளக்கு ஒத்துவராதுன்னும் எழுதறேன். போக ஒண்ணு, நிக்க ஒண்ணுன்னு தனித்தனியா வரணும். நிக்கறதுக்கு குறுக்குக் கோடு, போறதுக்கு அம்புக்குறின்னு வடிவமும் வேற வேறயா கேட்டிருக்கேன். அது வர்ற வரைக்கும் முன்ன மாதிரி சாவிய ஆணியில மாட்டாம எந்த லாரியும் டாக்குல நிக்கக் கூடாது.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்தார்: “நீங்க மொதல்ல பச்சைன்னு சொன்னதையும் எழுதியிருக்கேண்ணே. அப்புறம் நீங்களே வந்து சொன்னதையும் எழுதியிருக்கேன். நடந்த வரிசையில.”

“அப்படித்தான் எழுதணும் சார்” என்றார் நிதானம்.

அவருடைய லாரியை எடுத்துப் போக நிறுவனம் வேறு ஓட்டுநரை அனுப்பியது. வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. நிதானம் காத்திருப்பு அறைக்கு வெளியே நிழலில் நின்றார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் கட்டு, அதன் மேல் ஒரு பையில் பனிக்கட்டி.

அவர் அவள் எதிரில் போய் நின்றார்.

“என்னால வந்தது” என்றார்.

“தெரியும்” என்றாள். “எல்லாரும் பேசிக்கறாங்க.”

“மன்னிச்சிரும்மா.”

“இன்னைக்கு முடியாதுண்ணே.” அவள் பனிக்கட்டிப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். “கை வலிக்குது. வலி போகட்டும், பாக்கலாம்.”

அவர் தலையாட்டினார். போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றார். அவள் காலால் பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தார்.

எட்டாம் டாக்கில் புது ஓட்டுநர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்து, அவருடைய இருக்கையில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். இன்ஜின் உறுமியது. சுவரில் விளக்கு எரிந்தது. நிதானத்துக்கு அது எரிவது தெரிந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் சாய்ந்தார்.

“அது இப்ப என்ன கலர்ம்மா?” என்று கேட்டார். மனைவியைத் தவிர வேறு ஒருவரிடம் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அவள் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு விளக்கைப் பார்த்தாள்.

“சிவப்பு” என்றாள். “பொறுங்க. இன்னும் சிவப்புதான்… தட்ட எடுக்கறாங்க… இன்னும் சிவப்பு…”

அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ம். இப்ப பச்சை.”

லாரி அவர் இல்லாமல் மெதுவாக நகர்ந்து, வாசலை நோக்கித் திரும்பியது.